டிஜேஐ மினி 3: ட்ரோன் நல்லம், ஆனா மட்டக்களப்பு டவுனுக்குள்ள கவனம்

கலியாண வேலைக்கும் கோயில் திருவிழாவுக்கும் மினி 3 பாவிக்கிறன், பொருள் சரியான நல்லம். கமரா அப்பிடியே செங்குத்தா திரும்புது, வீடியோவ வெட்டாமலே ரீல்ஸுக்கு போடலாம், பின்னேரம் வெளிச்சம் மங்கினாலும் படம் தெளிவா வருது. பற்றரி 38 நிமிஷம் எண்டு கம்பனி சொல்லுது, கல்லடிக் கடற்கரையில கச்சான் காத்து அடிக்கக்குள்ள அதை நம்பி தூரம் விடாதீங்க, எதிர்க்காத்துல திரும்பி வரத்தான் பற்றரி கூட இழுக்கும். வாவித் தண்ணிக்கு மேல பதிச்சு விட்டா கீழ இருக்கிற சென்சர் குழம்பும். முன்னுக்கு சென்சரே இல்ல, தென்னை மரம் கவனம்.

மறுகா முக்கியமான விசயம். கடையில "249 கிராம்தான், ரெஜிஸ்டர் ஒண்டும் தேவல்ல" எண்டு சொல்லித்தான் எனக்கு வித்தாங்க, அது பிழை. 250 கிராம் கணக்கு அமெரிக்கா, ஐரோப்பாக்காரங்கட, எங்கட சிவில் விமான சேவைகள் அதிகாரசபைட கணக்கு 200 கிராம், அதால மினி 3ஐயும் ரெஜிஸ்டர் பண்ணத்தான் வேணும், பறக்க விட அனுமதியும் எடுக்கணும், பாதுகாப்பு அமைச்சையும் கேக்கணும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோனை நிப்பாட்டினவங்க, சீயோன் தேவாலயத்துல நடந்ததைப் பாத்த ஊர் இது, மேல ஒண்டு இரைஞ்சா சனம் பயப்படத்தான் செய்யும்.

அதுக்கு மேல எங்கட ஏர்போர்ட் திமிலதீவுல, டவுனுக்கு பக்கத்திலயே கிடக்கு, விமானப்படை முகாமும் அங்கதான். பிளேன் குறைவுதானே எண்டு சில பொடியன்கள் சொல்லுறாங்க, ஆனா ஹெலி எப்ப தாழ்வா வரும் எண்டு கீழ நிக்கிற நமக்கு தெரியாது. 2018 டிசம்பர்ல லண்டன் கட்விக் ஏர்போர்ட்டுல ட்ரோன் கண்டம் எண்டு தகவல் வந்ததுக்கே ஓடுபாதையை மூடி 1000 அளவு பிளேன் குழம்பி 1,40,000 பேர் மாட்டுப்பட்டாங்க. ட்ரோன் ஆப் மேப்புல பறக்கக்கூடாத இடமெண்டு சிவப்பு காட்டல்ல எண்டதுக்காக அனுமதி கிடைச்சதா ஆகாது, அதை நம்பி மேல ஏத்தாதீங்க தம்பிமாரே. கலியாண வீட்டுக்காரரும் ட்ரோன் ஷொட் கேக்கக்குள்ள அனுமதிக் கடிதம் இருக்கா எண்டு கேளுங்க, முதல்ல கேட்டாத்தான் அனுமதி எடுக்க நேரம் இருக்கும்.

வாங்குறதெண்டா தாராளமா வாங்கலாம், கூட பற்றரி ஒண்டும் எடுங்க, ப்ளஸ் எண்டுற பெரிய பற்றரி போட்டா 290 கிராமுக்கு ஏறும், அந்த 250 கிராம் கணக்கை தாண்டிடும், அதால வெளிநாட்டுக்கு கொண்டு போற ஆக்கள் சாதா பற்றரியே எடுங்க.