கேஎம்எஸ்ஸா, எம்ஏகேயா: கடலோர அலுவலகங்களுக்கு எது தகும்?

மண்டபம், பாம்பன், தொண்டிப் பகுதி மீன் ஏற்றுமதி நிறுவனங்களிலோ இராமேசுவரத்து விடுதிகளிலோ விண்டோஸ் ‘ஆக்டிவேட் ஆகவில்லை’ என்று அறிவித்தால், பலரும் உடனே வேறொரு சாவியைத் தேடுகிறார்கள். அதற்கு முன், இருப்பது கேஎம்எஸ் (KMS) சாவியா, எம்ஏகே (MAK) சாவியா என்று பார்க்க வேண்டும். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் விண்டோஸ் உரிமத்தை ஆக்டிவேட் செய்யும் இரு முறைகள் இவை. விண்டோஸின் உரிமக் கட்டளையான எஸ்எல்எம்ஜிஆரை (slmgr) டிஎல்வி (/dlv) என்ற சேர்க்கையுடன் கொடுத்தால் அது தெரிந்துவிடும்.

கேஎம்எஸ் முறையில் அலுவலக சர்வரே மற்றக் கணினிகளுக்கு ஆக்டிவேஷன் வழங்குகிறது. குறைந்தது 25 கணினிகள் அதனிடம் வந்து கேட்டால்தான் அது வழங்கத் தொடங்கும். இல்லையேல் எஃப்038 என்று முடியும் பிழை வரும். 30 கணினிகள் இருந்தும் இதே பிழை வருவதுண்டு. ஒரே வட்டை, கணினியின் தனி அடையாளத்தை நீக்கும் சிஸ்பிரெப் (Sysprep) கருவியை ஓட்டாமல் நகலெடுத்து எல்லாவற்றிலும் ஏற்றியிருந்தால், அடையாள எண் ஒன்றாகவே இருப்பதால், சர்வர் அவற்றை ஒரே கணினியாக எண்ணிக்கொள்ளும். எஃப்074 என்று முடிந்தால் சர்வரை அணுக முடியவில்லை என்று பொருள். சர்வர் பயன்படுத்தும் 1688ஆம் போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதோடு கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினி மின்தடைக்குப் பின் பழைய தேதிக்குப் போய்விடும், நேர வேறுபாடு 4 மணி நேரத்தைத் தாண்டினால் சர்வர் ஏற்காது. பென்டிரைவில் சுற்றும் திருட்டு ஆக்டிவேட்டர்கள் பொய்யான சர்வர் முகவரியைப் பதித்துவிட்டுப் போவதும் உண்டு. அவற்றை முற்றிலும் நீக்கியபின் அதே கட்டளையின் சிகேஎம்எஸ் (/ckms) சேர்க்கையால் அந்த முகவரியை அழிக்க வேண்டும்.

எம்ஏகே சாவி மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் ஒருமுறை பதிந்தால் போதும், புதுப்பிக்கும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு பதிவும் சாவிக்குரிய எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும். உப்புக்காற்றில் மதர்போர்டு அரித்து மாற்றப்படும்போதெல்லாம் இன்னொன்று செலவாகும். எண்ணிக்கை தீர்ந்து சி020 என்று முடியும் பிழை வந்தபின் மீண்டும் மீண்டும் முயல்வதில் பயனில்லை. உரிமம் வாங்கிய வழியாகவே வரம்பை உயர்த்தக் கேட்க வேண்டும். இணையமே எட்டாத கணினிகளுக்கு மைக்ரோசாஃப்டின் உரிம மேலாண்மைக் கருவியான விஏஎம்டி (VAMT) மூலம் வேறொரு கணினி வழியாகப் பதியலாம்.

பத்துப் பதினைந்து கணினிகள் கொண்ட அலுவலகத்துக்கு எம்ஏகேதான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஒரே வளாகத்தில் நிறையக் கணினிகள் வைத்திருக்கும் கல்லூரிக்குக் கேஎம்எஸ் சிறந்தது. ஆனால் அலுவலக சர்வரை அணுகிப் புதுப்பிக்காவிட்டால் அதன் ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும் என்பதால், மாதக்கணக்கில் வெளியூரிலேயே இருக்கும் மடிக்கணினிக்கு மட்டும், ஐபிகே (/ipk) சேர்க்கையால் எம்ஏகே சாவியை ஏற்றி, ஏடிஓ (/ato) கொடுத்துப் பதிந்துவிட்டு அனுப்பலாம்.