29 ரன் குவித்த இரண்டு ஆட்டங்கள்: முதலில் எதைப் படிக்கலாம்?

பழைய பேஸ்பால் ஸ்கோர்கார்டு புரட்டுபவர்கள் இந்த இரண்டில் எது என்று தடுமாறுவார்கள்.

ஸ்கோர்: 1950 ஜூன் 8, பாஸ்டன் ரெட் சாக்ஸ் 29, செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் 4. 1955 ஏப்ரல் 23, சிகாகோ வைட் சாக்ஸ் 29, கான்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் 6.

ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி): வென்ற அணிக்கு இரண்டிலும் 7.

அடித்தவர்கள்: பாஸ்டன் அணியில் பாபி டோர் மூன்று ஹோம் ரன், டெட் வில்லியம்ஸும் வால்ட் டிரோபோவும் ஆளுக்கு இரண்டு. சிகாகோ அணியில் ஷெர்ம் லோலர் ஒரே இன்னிங்ஸில் (ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் ஒன்றில்) இரண்டு ஹிட் (அடித்துவிட்டு பத்திரமாக பேஸை எட்டுவது), அதையும் இரண்டு தடவை! வேடிக்கை என்னவென்றால், 1950இல் இவர் பிரவுன்ஸ் அணியின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்).

தோற்றவர்கள்: பிரவுன்ஸ் முந்தைய நாளும் பாஸ்டனிலேயே 20-4 என்று உதை வாங்கியிருந்தார்கள், பாவம். அத்லெட்டிக்ஸுக்கோ பிலடெல்பியாவிலிருந்து குடிபெயர்ந்த முதல் சீசன்.

பெரிய பெயர்கள் வேண்டுமென்றால் பாஸ்டன். புள்ளிவிவர விநோதம் பிடிக்குமென்றால் சிகாகோ. புதியவர்களுக்கு என் ஓட்டு பாஸ்டனுக்கே.