ஸ்டார் டிரெக் ஏழாம் சீசன் புளூ-ரே: ஒரு ராணுவ நர்ஸின் பார்வையில்

விண்வெளிக் கப்பலில் நடக்கும் அமெரிக்க டிவி தொடரான 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஏழாம் சீசனின் புளூ-ரே தொகுப்பு 2014-இல் வந்தது. அதில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எபிசோடுகளுக்காகவே அதை வாங்கலாம் என்பேன்: 'லோயர் டெக்ஸ்', 'தைன் ஓன் செல்ஃப்'. இரண்டும் 1994 பிப்ரவரியில் ஒளிபரப்பானவை.

நான் ராணுவ நர்சிங் சர்வீஸில் லெப்டினன்டாகச் சேர்ந்து ஓய்வுபெற்றவள். டாக்டர்கள் வரும்போதே கேப்டனாக வருவார்கள். தோளில் நட்சத்திரம் இருந்தும், "நர்ஸுக்கு எதுக்கும்மா ராங்க்?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதனால் விண்வெளிக் கதை என்றாலும் டாக்டர், நர்ஸ், மனநல ஆலோசகருக்கெல்லாம் பதவி எப்படி வருகிறது என்றுதான் என் கண் முதலில் போகும்.

'லோயர் டெக்ஸ்' எபிசோடில் நர்ஸ் ஒகாவாவுக்குப் பதவி உயர்வு கேட்டுப் பரிந்துரைப்பவர் டாக்டர் கிரஷர். வேலையைச் சுத்தமாகச் செய்தாள், உயர்வு கிடைத்தது. கூடுதல் சாகசம் எதுவும் கேட்கவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்த எபிசோடில் ஆலோசகர் டிராய். ஏற்கனவே லெப்டினன்ட் கமாண்டர். கப்பலையே நடத்தும் தகுதி வேண்டும் என்று பிரிட்ஜ் (கப்பலின் கட்டுப்பாட்டு அறை) ஆபீசர் தேர்வு எழுதுகிறார். டாக்டர் கிரஷர் அந்தத் தகுதியோடு இரவுப் பணியில் கப்பலைப் பொறுப்பேற்பதைப் பார்த்து வந்த ஆசை அது. பொறியியல் பகுதியில் திரும்பத் திரும்பத் தோற்கிறார். பொறியியல் கையேடுகளைப் புரட்டிப் பயனில்லை. அந்தத் தேர்வில் கப்பலைக் காப்பாற்ற ஒரே வழி, தலைமைப் பொறியாளர் ஜியார்டியைச் சாவது உறுதி என்று தெரிந்தே பழுதுபார்க்க அனுப்புவது. ஹோலோடெக் என்ற மாயக்காட்சி அறையில் நடக்கும் ஒத்திகைதான், ஆனாலும் அந்த உத்தரவைச் சொல்லும்போது டிராயின் முகத்தைப் பாருங்கள். ஆளைப் பிழைக்க வைப்பதையே தொழிலாகப் படித்தவர்களுக்கு அது எவ்வளவு கனமான வார்த்தை என்று எனக்குத் தெரியும். எழுதியவர்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் அமெரிக்கக் கடற்படை மருத்துவ அதிகாரிகள் மருத்துவமனையை நடத்தலாம், போர்க்கப்பலுக்குத் தலைமை ஏற்க முடியாது. இந்தத் தொடர் அந்தக் கதவைத் திறந்துவிட்டு, அதற்கு ஒரு விலையும் வைக்கிறது.

ஒரு குறை உண்டு. தேர்வின் மற்ற பகுதிகளைப் பேச்சோடு முடித்துவிடுகிறார்கள். பாதி நேரம், கப்பலின் இயந்திர மனித அதிகாரி டேட்டா ஒரு கிராமத்தில் நினைவிழந்து திரியும் கதைக்குப் போய்விடுகிறது. அதுவும் நல்ல கதைதான், ஆனால் எனக்கு டிராய் இன்னும் பத்து நிமிடம் வேண்டும்.

படத்தெளிவு பிரமாதம். அன்றைய வீடியோ டேப்பை விட்டுவிட்டு, மூல ஃபிலிம் நெகட்டிவிலிருந்தே மறுபடி தயாரித்திருக்கிறார்கள். காலரில் இருக்கும் வட்டங்களை எண்ணியே யார் என்ன ராங்க் என்று சொல்லிவிடலாம். தேர்வில் தேறிக் கமாண்டர் ஆனதும் டிராய்க்கு முழு வட்டம் மூன்று.

தொடருக்குப் புதியவர் என்றால் ஐந்தாம் சீசனின் 'டிசாஸ்டர்' எபிசோடை முதலில் பார்த்துவிடுங்கள். விபத்தின்போது பிரிட்ஜில் இருப்பவர்களில் பெரிய ராங்க் தனக்குத்தான் என்று டிராய்க்கே அப்போதுதான் உறைக்கிறது. அப்புறம் இந்தத் தேர்வு ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.