மினி டில்லரோடு நான்கு ஆண்டுகள்: ஈசூன் தோட்டத்து அனுபவம்

சிங்கப்பூரின் ஈசூனில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில், மண்ணைக் கிளறும் சின்ன உழவு மெஷினான மினி டில்லரை நான் ஓட்ட ஆரம்பித்து இந்த மாதத்தோடு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஒன்றரை ஆண்டு பெட்ரோல் மெஷின், அப்புறம் பேட்டரி மெஷின். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் மண் எப்படி?" என்றுதான். மெஷினைப் பற்றிக் கேட்டால் மண்ணைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த நான்கு ஆண்டுகளில் எனக்கு நேர்ந்த, நேரவிருந்த பெரும்பாலான ஆபத்துகள் மண் பதமில்லாத நாளில்தான் வந்தன.

"சிங்கப்பூரில் டில்லரா?" என்று சிரிப்பவர்களும் உண்டு. நியாயமான சிரிப்புதான். தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் மேடைப்பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அதற்குள் டில்லரை இறக்கினால் திருப்ப இடமில்லை, ஓரத்தில் கத்தி மோதும். அங்கே சங்குலும் (மண்வெட்டி) கைமுள்ளும் (சின்ன முள்கரண்டி) போதும். எங்கள் தோட்டம் வேறு மாதிரி. 2005இல் தொடங்கிய கம்யூனிட்டி இன் ப்ளூம் என்ற சமூகத் தோட்டத் திட்டத்தில் சேர்ந்தது, பாத்திகள் தரையிலேயே எட்டு மீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. மண்ணோ, கட்டடம் கட்டியபோது கொட்டி இறுக்கிய செங்களி. காய்ந்தால் சங்குல் தெறிக்கும், நனைந்தால் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. முதுகு ஒத்துழைக்காத ஐம்பது வயதுக்காரர்கள் நாலு பேர் காசு போட்டு மெஷின் வாங்கியது அதனால்தான்.

முதலில் வாங்கியது சின்ன நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் டில்லர். முன்பக்கம் கத்தி, பின்னால் ஒரு ஆழக் கம்பி. ஆக்சிலேட்டர் லிவரை விட்டால் எஞ்சின் ஓடும், கத்தி நின்றுவிடும். அப்படித்தான் நிற்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் லிவரை விட்ட பிறகும் கத்தி மெதுவாகச் சுழன்றுகொண்டே இருந்தது. ஐடில் வேகம், அதாவது லிவரை விட்ட நிலையில் எஞ்சின் ஓடும் வேகம், கூடிப்போனதால், கத்தியை எஞ்சினிலிருந்து பிரிக்கும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஒரு திருகாணியைத் திருகினால் சரியாகிற விஷயம், ஆனால் கத்தி நின்றுவிட்டது என்று நம்பிக் காலை நீட்டியிருந்தால்? அன்றிலிருந்து பாத்தியில் இறக்கும் முன் மெஷினைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, லிவரை விட்டுக் கத்தி நிற்கிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

பெட்ரோல் மெஷினின் மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சத்தத்துக்கு மூன்றாம் மாடி ஆன்ட்டி கீழே இறங்கியே வந்துவிட்டார். வீட்டில் பெட்ரோல் கேனை வைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை, அதில் அவர் சொன்னதுதான் சரி. டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் இரண்டு மாதத்தில் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே பெட்ரோல் ஊற்ற அவசரப்பட்ட ஒருவரின் கையைப் பிடித்து இழுத்த கதையும் உண்டு. மழைக்கு ஒதுங்கிச் சாமான் அறைக்குள் நின்று எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது அதைவிட மோசம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு விஷம், அதற்கு வாசனையே கிடையாது.

இப்போது நான் விழுந்த கதை. இரண்டு வாரம் மழையே இல்லாத ஒரு பிப்ரவரி. பாத்தி ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. இறுகிய மண்ணில் முன்கத்தி டில்லர் உழாது. கத்தி சக்கரம் மாதிரி மண்மேல் உருண்டு, மெஷின் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும், குதிக்கும். அதை அடக்க நான் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போனேன், கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே. எனக்குப் பின்னால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மேடு இருந்தது மறந்துவிட்டது. குதிகால் தட்டி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். விழுந்தபோது கை தானாக லிவரை விட்டது, அதுதான் காப்பாற்றியது. ஆனாலும் மெஷின் என் மேல் சாய்ந்து வந்து, கத்தி நிற்பதற்குள் வலது சப்பாத்தின் முனையில் இரண்டு அங்குல நீளத்துக்குத் தோலைக் கிழித்தது. விரலுக்கும் கத்திக்கும் நடுவில் இருந்தது உள்ளே வைத்த இரும்புத் தொப்பி மட்டும். பக்கத்துப் பாத்தி பாக்சிக் (மலாய்ப் பெரியவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓடி வந்து தூக்கிவிட்டு, மெஷினைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார். பிறகு தன் காலில் இருந்த ரப்பர்ச் செருப்பையும் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் பூட்ஸோடு வந்தார்.

அதன் பிறகு, ஓடும் கத்தியோடு பின்னால் நடப்பதை அறவே விட்டுவிட்டேன். பாத்தி முனையில் லிவரை விட்டு, கத்தி நின்ற பிறகு, சக்கரத்தில் உருட்டித் திருப்புவேன். அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். ஆழக் கம்பியின் வேலையும் அப்போதுதான் புரிந்தது. கைப்பிடியை லேசாகக் கீழே அழுத்தினால் கம்பி மண்ணில் ஊன்றும், மெஷின் நிற்கும், கத்தி ஆழமாக இறங்கும். விட்டால் முன்னேறும். மல்லுக்கட்டத் தேவையில்லை. "அகல உழுவதை ஆழ உழு" என்று நம் ஊர்ப் பழமொழி இருக்கிறது. டில்லரில் முதல் சாலிலேயே அதை நிறைவேற்றப் பார்க்காதீர்கள். முதல் ஓட்டத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர், இரண்டாவதில் இன்னும் கொஞ்சம், மூன்றாவதில் வேண்டிய ஆழம். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதைய இதுக்கும் கொடு தம்பி" என்றார்.

காய்ந்த மண்ணில் மெஷின் குதிக்கிறது என்றால், ஈர மண்ணில் வேறு விதமான வம்பு. களிமண் கத்திக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். களையும் கொடியும் அதோடு சுற்றும். எங்கள் தோட்டத்தில் பெரிய எதிரி ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கட்டுக் கயிறு. பயற்றங்கொடி கட்டியது, பந்தல் கட்டியது என்று எல்லாப் பாத்தியிலும் துண்டு துண்டாகப் புதைந்து கிடக்கும். ஒருமுறை சிவப்பு ராஃபியா அச்சில் சுற்றி, பல்லுக்குள் சிக்கிய நார் மாதிரி இறுகிவிட்டது. கை தானாக அங்கே போகும், பாருங்கள். ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றும். பேட்டரியைக் கழற்றாமல் அங்கே கை வைக்கவே கூடாது. பெட்ரோல் மெஷின் என்றால் ஸ்பார்க் பிளக் தொப்பியைப் பிடுங்கிவிட வேண்டும். நான் இப்போது கழற்றிய பேட்டரியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். பாரமாகத்தான் இருக்கும். ஆனால் பை கனத்தால்தான் கையை நீட்ட மனம் வருகிறது. கையுறை போட்டு, சின்ன கத்தரியால் வெட்டி எடுத்தேன். இருபது நிமிடம் ஆனது.

ஆக, மண்ணின் பதம். ஒரு கைப்பிடி மண்ணை உருண்டை பிடித்து விரலால் தட்டுங்கள். உருண்டை பிடிக்கவே வரவில்லை என்றால் காய்ந்துவிட்டது, முந்தின நாள் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். பிடித்த உருண்டை தட்டினாலும் உடையாமல் பளபளவென்று இருந்தால் ஈரம் அதிகம், வீட்டுக்குப் போய்விடுங்கள். தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தால் ஓட்டலாம். எங்கள் களியில் பெருமழை நின்று இரண்டாம் நாள் மாலைதான் அந்தப் பதம் வருகிறது. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் டிசம்பரில் பல வாரம் அது வருவதே இல்லை, மெஷின் தூங்கும். ஈரக் களியை உழுதால் கத்திக்குக் கீழே வழவழவென்று ஒரு தட்டு உண்டாகி வேரையும் தண்ணீரையும் தடுக்கும் என்பதால், அதில் பயிருக்கும் நன்மை இல்லை.

புதுப் பாத்தி என்றால் மெஷினுக்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு அடிக்கு அடி குத்திப் பார்ப்பேன். எங்களுக்குக் கிடைத்தவை: உடைந்த தரை ஓடு, செங்கல், கம்பி கட்டும் கம்பி, பழைய தண்ணீர்க் குழாய். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நான் டில்லரைக் கொண்டுபோவதே இல்லை. மண்ணுக்குள் மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று யார் கண்டது? கத்தியில் பட்ட கல் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிவது கட்டாயம், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை நடைபாதைக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடங்குவேன்.

பேட்டரி மெஷின் பற்றி: 40 வோல்ட், எங்கள் களியில் ஒரு சார்ஜுக்கு இருபத்தைந்து நிமிடம் ஓடுகிறது. பொத்தானை அழுத்திக்கொண்டே லிவரைப் பிடித்தால்தான் கிளம்பும் என்பது நல்ல ஏற்பாடு. சிலர் லிவரை டேப் போட்டு ஒட்டிவைக்கிறார்கள். விழுந்த அன்று என் லிவர் அப்படி ஒட்டியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இருபத்தைந்து நிமிடத்தில் பேட்டரி தீர்வதும் ஒரு வகையில் நல்லதுதான், அதிர்வில் விரல் மரத்துப்போவதற்குள் ஓய்வு கிடைக்கிறது. மின்ஸ்கூட்டர் பேட்டரிகளால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தீப்பிடித்த செய்திகளுக்குப் பிறகு, கூடத்தில் கண்ணெதிரே மட்டும் சார்ஜ் செய்கிறேன். தூங்கப் போகும் முன் கழற்றிவிடுவேன்.

குறை என்றால், மரவேர் ஓடும் பாத்தியில் இது திணறுகிறது, அங்கே இன்னும் சங்குல்தான். நம் ஈரக்காற்றில் கத்தி துருப்பிடிக்கும், கழுவித் துடைத்துச் சமையல் எண்ணெய் தடவி வைக்கிறேன். பத்துப் பாத்திக்குக் குறைவாக இருந்தால் தனியாக வாங்காமல் சேர்ந்து வாங்குங்கள். இப்போது இரண்டாவது செட் கத்தி மாட்டியிருக்கிறோம். முதல் முறை மாட்டியபோது இடது வலது மாறி, கூர்ப்பக்கம் பின்னால் போய்விட்டது, அரை மணி நேரம் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது செட்டை நவம்பருக்குள் வாங்கியாக வேண்டும், பாக்சிக் தன் பங்குக் காசை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.