இறக்கத்தில் தெரியும் வண்டியின் குணம்: குவாட் பைக்குடன் ஏழு ஆண்டுகள்

மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. பின் ரேக்கில் கட்டியிருந்த மருந்துத் தொட்டியில் பாதியளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. காலையில் அதே சரிவில் நிறைந்த தொட்டியோடு சிரமமில்லாமல் ஏறிய வண்டி, மாலையில் இறங்கும்போது என் கைக்கு அடங்கவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். அது பிடிக்கவில்லை. நியூட்ரலில் விட்டதுபோல வண்டி உருளத் தொடங்கியது. பிரேக்கை அழுத்தினேன், பின் சக்கரங்கள் சுழல்வதை நிறுத்திக் களிமண்ணில் வழுக்கின. தொட்டிக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து வண்டியின் பின்பாகத்தையும் தன்னோடு இழுத்தது. கீழே இருந்த புதரில் போய் மோதி நின்றேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

குவாட் பைக் என்பது ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும், கரடுமுரடான தரைக்கான நான்கு சக்கர வண்டி. என் இரண்டாவது குவாட் பைக்கை வாங்கிய முதல் மாதத்தில் நடந்தது இது. முதல் வண்டியை மூன்று ஆண்டுகளில் சுமார் 1,100 மணி நேரம் ஓட்டியிருந்தேன். இப்போது இருப்பதன் மீட்டர் 1,460 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. வேலியைச் சுற்றிப் பார்ப்பது, தீவனமும் விறகும் இழுப்பது, மருந்து அடிப்பது, வேலையில்லாத நாளில் கல்லும் சேறுமான பாதைகளில் சுற்றுவது என்று இரண்டுக்குமே நான் ஓய்வு கொடுத்ததில்லை. வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சி.சி. போதும்?" என்றுதான். "சுமையோடு எந்தச் சரிவில் இறங்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். 400 சி.சி.க்கு மேற்பட்ட, நான்கு சக்கர இயக்கம் உள்ள எந்த வண்டியும் பண்ணை வேலைக்கு வேண்டிய மேட்டை ஏறிவிடும். இறங்கும்போதுதான் வண்டிக்கு வண்டி குணம் மாறுகிறது.

புதரிலிருந்து மீட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சரிபார்த்துவிட்டு, "தம்பி, இதில் பழுது ஒன்றும் இல்லை. இந்த வண்டி இப்படித்தான் இறங்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது.

என் முதல் வண்டி, காலால் கியர் மாற்றுவது. முதல் கியரில் போட்டுவிட்டு விரலை எடுத்தால், பல்சக்கரங்கள் எஞ்சினோடு கோத்துக்கொண்டு நடைவேகத்தில் இறக்கிவிடும். இரண்டாவது வண்டி சி.வி.டி. எனப்படும் பெல்ட் வகை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. எஞ்சின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் முன் புல்லி விரிந்து பெல்ட்டை விட்டுவிடும். அதன் பிறகு எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. ஆனால் பெல்ட் வண்டிகள் எல்லாமே இப்படி இல்லை. யமஹாவின் கிரிஸ்லி 700இல் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே நிற்கும். தனியாக ஒரு கிளட்ச்சும் ஒருவழி கிளட்ச்சும் சேர்ந்து வேலை செய்வதால், இறக்கத்தில் நான்கு சக்கரங்களையும் எஞ்சின் பிடித்துவைக்கும். ஹோண்டாவின் ரான்சர், ஃபோர்மேன் போன்றவற்றில் பெல்ட்டே கிடையாது, முழுக்கப் பல்சக்கரம்தான். பட்டனை அழுத்திக் கியர் மாற்றும் வகையும், இரட்டை கிளட்ச் கொண்ட தானியங்கி வகையும் அவற்றில் உண்டு.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சில தானியங்கி நான்கு சக்கர அமைப்புகளில், பின் சக்கரம் வழுக்கிச் சுற்றினால்தான் முன் சக்கரங்கள் வேலையில் சேரும். ஏற்றத்தில் இது அருமையாக உழைக்கும். இறக்கத்திலோ முன் சக்கரங்கள் சும்மா உருண்டுகொண்டிருக்கும். முழுப் பிடிப்பும் பின் சக்கரங்களின் தலையில் விழும். இதைச் சரிக்கட்டவே பொலாரிஸ் தன் சில மாடல்களில் இறக்கக் கட்டுப்பாட்டைத் தனி வசதியாகத் தருகிறது. கடையில் நிற்கும்போது "நான்கு சக்கர இயக்கம் உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். "இறங்கும்போது முன் சக்கரத்தையும் எஞ்சின் பிடிக்குமா?" என்று கேளுங்கள்.

இப்போது நான் இறங்கும் முறை இது. சரிவின் தலைப்பிலேயே வண்டியை நிறுத்தி, லோ கியரில் போட்டு, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிடுவேன். உருளத் தொடங்கும்போது ஆக்சிலரேட்டரைத் துளி அழுத்துவேன். பெல்ட் கவ்வுவது இருக்கை வழியாகவே உடம்புக்குத் தெரியும். கவ்விய பிறகு விரலைத் தளர்த்தினால் எஞ்சின் முனகலோடு வண்டியைத் தாங்கிக்கொள்ளும். இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, முன் பின் பிரேக்குகளை விட்டு விட்டு மெதுவாகத் தொட்டால் போதும். அந்த மாலைக்குப் பிறகு ஒருமுறைகூட வழுக்கவில்லை.

சுமையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நடுத்தர, பெரிய வண்டிகளின் முன் ரேக் 40 முதல் 50 கிலோ வரையும், பின் ரேக் 80 முதல் 90 கிலோ வரையும் தாங்கும் என்று நிறுவனங்களே எழுதியிருக்கின்றன. நூறு லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே நூறு கிலோ. தொட்டி, பம்ப் எல்லாம் அதற்கு மேல். வண்டி ஓடுகிறதே என்று நான் ஓர் ஆண்டு முழுக்க அந்த அளவை மீறிக்கொண்டிருந்தேன். ஏற்றத்தில் முன் சக்கரங்கள் மண்ணை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்ததை ஸ்டீயரிங் கனமில்லாமல் திரும்பியதிலிருந்தே உணர்ந்திருக்க வேண்டும். பாதித் தொட்டி இன்னும் மோசம். நிறைந்த தொட்டியில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதியில் அது உள்ளே நடமாடும் சுமை. இப்போது உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள 60 லிட்டர் தொட்டி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் வேண்டியதெல்லாம் டிரெய்லரில் போகிறது. கிரிஸ்லி 700 அளவிலான வண்டி 600 கிலோ வரை இழுக்கும் என்று குறிப்பேடு சொல்கிறது. அந்த எண் சமதரைக்கானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லரோடு சரிவில் இறங்கும்போது அதில் பாதியைக்கூட நான் ஏற்றுவதில்லை.

பின் ஆக்சில் எந்த வகை என்பது அடுத்த கேள்வி. முதல் வண்டியில் ஒரே நேர் ஆக்சில். இப்போது இருப்பதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன். நேர் ஆக்சில் சுமைக்கு அதிகம் அமுங்காது, பக்கச் சரிவில் உடல் குறைவாகவே சாயும், பழுதாகும் பாகங்களும் குறைவு. ஆனால் அதன் நடுப்பகுதி தாழ்வாகத் தொங்குவதால் கல் முட்டும். நாள் முழுக்க ஓட்டினால் இடுப்பு வலி நிச்சயம். தனி சஸ்பென்ஷனில் உடம்புக்குச் சுகம். கரடுமுரடான பாதையில் வண்டியின் வயிறு தரையில் உரசாது. பக்கச் சரிவில் மட்டும் கொஞ்சம் சாய்ந்து பயமுறுத்தும். டிரெய்லர் இழுப்பதே முதன்மை வேலை என்றால் நேர் ஆக்சிலையே சொல்வேன். ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் உட்கார்பவர் தனி சஸ்பென்ஷன் வாங்கட்டும்.

பவர் ஸ்டீயரிங் ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். முன் சக்கரம் மறைந்திருந்த கல்லில் மோதும்போது ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்பிக் கட்டைவிரலைத் தாக்கும் அல்லவா, அந்த அடியை அது வாங்கிக்கொள்கிறது. மாலையில் என் மணிக்கட்டுகளில் தெரியும் வித்தியாசத்துக்காகவே இனி அது இல்லாத வண்டியை வாங்க மாட்டேன்.

டயர் காற்றுக்காக ஒரு சிறு கருவியை இருக்கைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். குவாட் பைக்கின் டயர்கள் பெரும்பாலும் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடுபவை. கார் டயருக்கான கருவியில் அந்த அளவில் முள் அசைவதே தெரியாது. முதல் வண்டி ஆறு மாதம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. ஸ்டீயரிங் மூட்டுகளை எல்லாம் மாற்றிய பிறகுதான், குறைந்த அழுத்தத்துக்கான கருவி வாங்கி அளந்தேன். முன் டயர் ஒன்றில் 5, மற்றதில் 3. வேறு கோளாறே இல்லை. பெரிய சேற்று டயர் போட்டுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு: டயரின் எடையும் உயரமும் கூடினால் அந்தப் பாரம் நேராகப் பெல்ட்டின் மேல் இறங்குகிறது. நான் ஒரு பருவம் போட்டுப் பார்த்துவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பினேன்.

பெல்ட்டை இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் பெல்ட் போனதற்கு நான் ஆழம் தெரியாமல் ஓடையில் இறங்கியதே காரணம். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது, வண்டி நகரவில்லை, எரிந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. மூடியைக் கழற்றியபோது பெல்ட்டின் ஓரம் கண்ணாடிபோலப் பளபளத்தது. ஓரிடத்தில் நகத்தின் அகலத்துக்குத் தேய்ந்து குழிந்திருந்தது. எஞ்சினை நிற்கவிடாமல், பெட்டியின் வடிகால் மூடியைத் திறந்து நீரை வெளியேற்றி, நியூட்ரலில் சிறிது நேரம் ஓடவிட்டிருந்தால் அந்த பெல்ட் பிழைத்திருக்கும்.

பராமரிப்பில் நான் தவறாமல் செய்பவை மிகக் குறைவு. நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில். தூசிக் காலத்தில் வாரம் ஒருமுறை ஏர் ஃபில்டர். ஒவ்வொரு சேற்று ஓட்டத்துக்குப் பிறகும் ஆக்சில் முனைகளில் இருக்கும் ரப்பர் உறைகள். உறையில் முள் குத்திய சிறு ஓட்டையைக் கவனிக்காமல் விட்டதில் உள்ளே மணல் போய், கிரீஸ் கருத்து, ஆக்சிலின் மூட்டு ஒன்றையே மாற்ற வேண்டியதாயிற்று. ரேடியேட்டரை அழுத்தமான நீரால் அடித்துக் கழுவாதீர்கள். மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், அதே நீர் சக்கர பேரிங்குகளுக்குள்ளும் போய்விடும். சைலன்சரைச் சுற்றி அடையும் காய்ந்த புல்லைக் கையால் எடுத்தாக வேண்டும். புல்வெளி வேலையில் அது தீப்பிடிக்கும். ஒரு கோடையில் புகை வந்த பிறகே நான் கவனித்தேன்.

கவிழ்வது பற்றிப் பேசாமல் எந்த வண்டியையும் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. 1970இல் ஹோண்டா கொண்டுவந்த மூன்று சக்கர வண்டியிலிருந்து வளர்ந்த வகை இது. கவிழும் விபத்துகள் பெருகியதால் 1988இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. நான்கு சக்கரமும் கவிழத்தான் செய்கிறது. முந்நூறு கிலோ இரும்பு மேலே விழுந்தால் தனியாளால் தூக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், புதிதாக விற்கும் பொதுப் பயன்பாட்டு குவாட் பைக்குகளுக்கு, கவிழும்போது ஓட்டுபவரைக் காக்கும் அமைப்பு கட்டாயம். பக்கவாட்டில் 28.81 டிகிரிக்குக் குறைந்த சாய்வில் வண்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இரண்டு சக்கரத்தில் நிற்கவும் கூடாது. இதை ஏற்காமல் ஹோண்டா, யமஹா உள்ளிட்ட நிறுவனங்கள் அந்தச் சந்தையிலிருந்து விலகிக்கொண்டன. வண்டியின் பின்னால் நிற்கும் அந்தப் பாதுகாப்புக் கம்பியே காயப்படுத்தும் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு என் வண்டியின் பின்னால் அதைப் பொருத்திக்கொண்டேன். மரக்கிளைகளில் சில நேரம் மாட்டும், ஆனாலும் கழற்றவில்லை. ஹெல்மெட் இல்லாமல் வேலி வரைகூடப் போவதில்லை. ஒருவருக்கான வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றுவதும் இல்லை, குழந்தை என்றால் எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை.

இன்னொரு முறை வாங்குவதாக இருந்தால் 500 சி.சி. பக்கம் நிறுத்திக்கொள்வேன். இப்போதுள்ள என் 700 சி.சி. வண்டியின் முழு சக்தியையும் நான் கேட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதன் எடையையோ ஒவ்வொரு நாளும் சரிவில் சுமக்கிறேன்.

போன மாதம் நண்பர் ஒருவர் இரண்டு வண்டிகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் என்னை அழைத்துப்போனார். ஒன்று பளபளப்பான பெரிய வண்டி, மற்றது பல்சக்கரம் உள்ள சிறியது. இரண்டின் பின் ரேக்கிலும் நாற்பது நாற்பது கிலோவாக இரண்டு மணல் மூட்டைகளைக் கட்டி, நூறடி நீளச் சரிவில் இறங்கிப் பார்க்கச் சொன்னேன். பெரியதில் அவர் கை வழி முழுக்க பிரேக்கை விடவே இல்லை. சிறியதில் பாதி தூரம் போனதும் விரல்களைப் பிரேக்கிலிருந்து எடுத்து என்னைப் பார்த்துக் காட்டினார். மூட்டைகளை அவிழ்ப்பதற்கு முன்பே சிறிய வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.