நாசிக் ஒயின் தோட்டத்துக்கு ஜனவரி 26 அன்று டிக்கெட் போடாதீர்கள்

புனேவில் இருக்கிறோம். நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை திராட்சை அறுவடை. மகளுக்குக் காட்டலாமே என்று குடியரசு தினத்தன்று கிளம்பினோம். கங்காபூர் அணைப் பக்கம் பெயர்பெற்ற ஒரு ஒயின் ஆலை. குடும்பத்தோடு வரலாம், ஐந்து ரக ஒயின் ருசி பார்க்கலாம், பிள்ளைகள் திராட்சை மிதிக்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பெரியவர்களுக்குத் தலா 900 ரூபாய், எட்டு வயது மகளுக்கு 450. அத்தை ஒயினைத் தொடவே மாட்டார். கணவர் வண்டி ஓட்ட வேண்டும். சுற்றிப் பார்க்க மட்டும் டிக்கெட் கேட்டோம், கிடையாது என்றார்கள். ஆக 3,150 ரூபாய்.

ஜனவரி 26 நாடு முழுக்க டிரை டே, அதாவது மது விற்கக் கூடாத நாள், என்பது தெரிந்துதான் இரண்டு நாள் முன்பே போன் செய்து கேட்டேன். "எல்லாம் உண்டு, தைரியமா வாங்க" என்றார் பேசியவர். அதை நம்பி 200 கிலோமீட்டருக்கு மேல் போனோம்.

முக்கால் மணி நேரம் என்ற டூர் பத்து நிமிடத்தில் முடிந்தது. டேஸ்டிங் அறையில் கிளாஸ்கள் எல்லாம் கவிழ்த்துக் கிடந்தன. "இன்னிக்கு டிரை டே, ஊத்த முடியாது" என்றார் கவுண்டரில் இருந்த பையன். சட்டம் அதுதான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் மாறாத அந்தத் தேதிக்கு டேஸ்டிங் டிக்கெட் விற்றது யார்?

பதிலுக்குப் பிளாஸ்டிக் கப்பில் திராட்சை ஜூஸ் கொடுத்தார்கள். கவுண்டருக்குக் கீழே கடையில் வாங்கிய ஜூஸ் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததை அத்தைதான் முதலில் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கொடி கொடியாகத் திராட்சை தொங்குகிறது! மிதிக்கும் தொட்டியில் காலையிலிருந்து மிதித்த தோல் கறுத்துக் கிடந்தது, மேலே ஈ மொய்த்தது. மகள் ஒரு காலை வைத்தவள் உடனே எடுத்துவிட்டாள். பாவம், வாரம் முழுக்க இதையே பேசிக்கொண்டிருந்தாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். டூர் போனீர்கள், ஜூஸ் குடித்தீர்கள், அதனால் தர முடியாது என்றார்கள். போனில் சொன்னதைச் சொன்னபோது, "எங்க ஆளு யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க." ஒரு மணி நேரம் காத்திருந்தும் மேனேஜர் வரவில்லை.

தயவுசெய்து நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். வாய்ப்பேச்சு நிற்காது. அந்தத் தேதியில் ஒயின் ஊற்றுவீர்களா என்று வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்டு, பதில் கையில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். ஜனவரி 26 மட்டுமல்ல, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 அன்றும் இதே நிலைதான். தேர்தல் நடக்கும் பகுதியில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் விற்பனை கிடையாது. குடிக்காதவர்களுக்குத் தனி டிக்கெட் உண்டா என்பதையும் கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதன்பிறகு ஆலையிலிருந்து அழைத்து, 30 நாளுக்குள் மறுபடி வந்தால் இலவச டேஸ்டிங் என்றார்கள். வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று எழுத்தில் அனுப்பிவிட்டேன்.