ஃபுகுவோகாவில் சாமான்களோடு ஒரு சின்ன வாடகை வீடு

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில், நிஷிஜின் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், மாதக் கணக்கில் வாடகைக்கு விடும் ‘மன்த்லி மேன்ஷன்’ வகை வீடு ஒன்றில் ஒரு வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், ஏசி, திரைச்சீலை எல்லாம் வீட்டோடு வரும். அக்கம்பக்கத்து வெறும் வீடுகளைவிட வாடகை கணிசமாக அதிகம்தான். ஆனாலும் புதிதாக வருகிறவருக்கு முதல் வருடம் இதுதான் கட்டுப்படியாகும் என்பேன்.

சாதாரண வாடகை வீட்டுக்குள் காலடி வைக்கவே இங்கே தனிச் செலவு உண்டு. ஷிகிகின் என்ற முன்பணம், ரெய்கின் என்று உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டிய பணம், தரகருக்கு ஒரு மாத வாடகை வரை, அதற்கு மேல் 10% வரி, வாடகைக்கு ஜாமீன் நிற்கும் நிறுவனத்துக்கு ஒரு தொகை, தீ விபத்துக் காப்பீடு, பூட்டு மாற்றும் கூலி. கூட்டிப் பார்த்தால் பல நேரம் நான்கைந்து மாத வாடகையைத் தொடும். அத்தனையும் கட்டிக் கதவைத் திறந்தால், உள்ளே விளக்குகூட இருக்காது. சரி, எல்லாம் வாங்கிப் போட்டோம், அப்புறம் ஊரைக் காலி செய்யும்போது? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, ஏசி நான்கையும் மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் கழிக்க முடியும்.

அறை 6 ஜோ. ஒரு ஜோ என்றால் சுமார் 1.62 சதுர மீட்டர், ஆக மொத்தம் நூறு சதுர அடியும் கொஞ்சமும். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் போய்விடுவதால் ஒருவருக்கு நெருக்கடி தெரியாது. குளியலறை சின்னதுதான், குறை சொல்ல எதுவும் இல்லை.

சமையலறையில்தான் பொறுமை சோதிக்கப்படும். ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. காய் நறுக்க இடமில்லாமல், தொட்டியின் மேல் பலகையைக் குறுக்கே போட்டு நறுக்குகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் கடாயையும் ஈயச் சொம்பையும் இந்த அடுப்பு கண்டுகொள்ளவே இல்லை. இரும்புக் கரண்டி மட்டும் தப்பியது. அதில் கடுகு வெடிக்கும்போது புகைபோக்கியை முழு வேகத்தில் வைத்தாலும் பெருங்காய வாசனை திரைச்சீலையில் ஏறிவிடுகிறது. திரைச்சீலை வீட்டுக்காரருடையது என்பதால், தாளிப்பதற்கு முன் அதைச் சுருட்டிக் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

அடுத்த குறை சுவர். இலகு இரும்புச் சட்டகக் கட்டடம், பக்கத்து அறைக்காரரின் அலாரத்தில்தான் நான் விழிக்கிறேன். கான்கிரீட் கட்டடமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூடவே, 1981 ஜூனில் அமலுக்கு வந்த நிலநடுக்க விதிப்படி கட்டியதா என்றும் கேளுங்கள். 2005 மார்ச்சில் 7.0 அளவு நடுக்கத்தைப் பார்த்த ஊர் இது. குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் வியர்த்து வழியும். துடைக்காமல் விட்டால் கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்துவிடும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கை அளவு நகர்த்தியதும் எனக்குத் தொல்லை குறைந்தது.

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது, குப்பையை இரவில் எடுப்பது. ஜப்பானின் பெரும்பாலான ஊர்களில் காலை எட்டு மணிக்குள் பையோடு ஓட வேண்டும். இங்கே பொழுது சாய்ந்தபின் நள்ளிரவுக்குள் வைத்தால் போதும். எரியும் குப்பைக்கான 45 லிட்டர் மாநகராட்சிப் பை 45 யென், எந்தக் கன்வீனியன்ஸ் கடையிலும் கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். மின்சாரமும் தண்ணீரும் வாடகையில் அடக்கம் என்றால் அதற்கு உச்சவரம்பு உண்டா? அறையைச் சூடாக்குவதும் ஏசிதான், அதை நம்பியே குளிர்காலம் ஓடுவதால் இது முக்கியம். அறையில் டிவி இருக்கிறதா? வீட்டுக்காரர் வைத்த டிவியாக இருந்தாலும் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கட்டணம் குடியிருப்பவர் தலையில்தான் விழும். டிவி இல்லாத அறையாகக் கேட்டால் சில இடங்களில் தருகிறார்கள்.

இவை பெரும்பாலும் காலவரையறை ஒப்பந்தங்கள், தானாக நீளாது, ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். இன்னும் இரண்டு வருடமாவது இங்கே இருப்பேன் என்று தெரிந்துவிட்டதால் கணக்கு இப்போது மாறிவிட்டது. வெறும் வீடு தேட ஆரம்பித்திருக்கிறேன். தரகரிடம் முதலில் சொன்ன நிபந்தனை, இரட்டை பர்னர் கேஸ் அடுப்பு வைக்க இடம் வேண்டும் என்பதுதான்.